விமர்சகனின் இடது கை

எங்கள் நாட்டில் ஒரு நாடகம் தோற்றால்
மறுநாள் தோர்ஷவ்ன் மீன்கடையில்
விலையைக்கூடத் தணிந்த குரலில்தான் கேட்கிறார்கள்.
தலைவெட்டப்பட்ட அரசன்
வரிசையில் எனக்கு முன்னால் நிற்கிறான்,
கையில் இரண்டு கிலோ காட் மீனுடன்.

மொத்தம் ஐம்பத்து நாலாயிரம் பேர்.
செல்லோ வாசிக்கும் ஹானுஸ்தான் எங்கள் தெருவுக்குத் தபால்காரன்.
கூட்டிசைக் குழுவில் ட்ரம்பெட் இரண்டு;
ஒன்று கிரீன்லாந்துப் பக்கம் மீன்பிடிக்கப் போய்விட்டால்
அந்தக் குளிர்காலம் முழுக்க
ஒற்றை ட்ரம்பெட்டுக்கு எழுதியவர்களைத் தேடிப் பிடிக்கிறோம்.
கவிதை நூல் முந்நூறு அச்சிட்டால்
இருநூற்றுப் பத்து விற்கும்.
மிச்சத்தைக் கவிஞரே கல்யாணங்களில் பரிசளிப்பார்.
என் அலமாரியில் ஒரே நூல் நான்கு பிரதி.
இரண்டு முறை மணந்தவன் நான்.

நானும் ஒன்று எழுதினேன், தொண்ணூற்றெட்டில்.
மதிப்புரை எழுதியவர் என் மாமனார்.
'நல்ல முயற்சி' என்றார்.
அதற்குப் பிறகு நான் விமர்சகன் ஆனேன்.

பகலில் துறைமுக அலுவலகத்தில்
கப்பல்களின் எடையைக் குறிக்கிறேன்.
வியாழக்கிழமைகளில், பத்திரிகையில்,
மற்றவற்றின் எடையை.
இந்த மலைகளில் மரம் கிடையாது.
எழுதிவிட்டு ஒளிந்துகொள்ள ஒன்றுமில்லை.

மார்ச்சில் ஸுன்வாவின் கண்காட்சி,
பழைய உப்புக் கிடங்கில்.
பதினேழு ஓவியங்கள், பதினேழும் கடல்.
நான் எழுதினேன்:
'பதினேழு கடல்கள்; ஒன்றிலும் ஈரமில்லை.'
மறைப்பானேன், அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது.
சமையலறையில் எழுந்து நின்று
உரக்க ஒருமுறை வாசித்துக்கொண்டேன்.
கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது.

அடுத்த செவ்வாய், வெறும் வயிறு,
மருத்துவமனை இரண்டாம் மாடி.
என் பெயரைக் கூப்பிட்டது அவள்.
நீலச் சீருடை.
காதோரம் கழுவ மறந்த
சாம்பல் நிறப் பொட்டு ஒன்று.

'எந்தக் கையால் எழுதுவீர்கள்?'
'வலது.'
'அப்படியானால் இடது.'

ரப்பர் பட்டையை இறுக்கினாள்.
எனக்கு நரம்பு லேசில் அகப்படாது.
வருகிறவர்கள் இரண்டு குத்து, மூன்று குத்து,
பிறகு யாரையாவது கூப்பிடப் போவார்கள்.
ஸுன்வா குனிந்துகூடப் பார்க்கவில்லை.
சொந்த வீட்டு இருட்டில்
ஸ்விட்சைத் தேடுகிறவள் போல
இரண்டு விரலால் தடவி
ஓரிடத்தில் நின்றாள்.
ஒரே குத்து.
வலித்ததா என்று கேட்டால், இல்லை.
வலித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மூன்று குழாய்கள்.
நிரம்பும்வரை பேச என்ன இருக்கிறது?
நோல்சோய்ப் படகு இன்றைக்கும் இல்லையாம் என்றாள்.
காற்று திரும்பிவிட்டது என்றேன்.
கடைசிக் குழாயை ஜன்னல் பக்கம் சாய்த்து,
பெயர் ஒட்டி,
என்னைப் பார்க்காமலே கேட்டாள்:
'இது ஈரம்தானே?'

பஞ்சை அழுத்திப் பிடித்தபடி
பேருந்து நிறுத்தம்வரை நடந்தேன்.
ஹானுஸ் எதிரே வந்தான்.
அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

சனிக்கிழமை மறுபடி உப்புக் கிடங்குக்குப் போனேன்.
பயந்து போனதாகச் சொல்கிறார்கள்.
இருக்கலாம்.
பதினாறு ஓவியங்களில் என் கருத்து மாறவில்லை.
ஒன்பதாவதில் மட்டும்,
இடப்பக்கக் கீழ்மூலையில்,
வெளிர்ந்த தோலுக்கடியில் ஓடுவதுபோல
ஒரு நீலம்.
அன்றைக்கும் அது இருந்திருக்க வேண்டும்.
அல்லது விளக்கை மாற்றியிருக்கிறார்கள்.
வெகுநேரம் நின்றேன், கோட்டைக் கழற்றாமல்.

ஓரத்தில் சிவப்புப் புள்ளி: விற்றாகிவிட்டது.
யார் என்றேன்.
பல் மருத்துவர் மார்யுன் என்றார்கள்.
என் முதல் மனைவி.
விலை கேட்கவில்லை.

ஜூனில் எனக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை.
செப்டம்பரில் அவளுக்கு அடுத்த கண்காட்சி,
இம்முறை மனித முகங்கள் என்று கேள்வி.
குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டிய காலண்டரில்
இரண்டையும் குறித்து வைத்திருக்கிறேன்,
ஒரே பேனாவால்.