பழைய முறிவு

அருமனையில் முதல் ஏழு வருடம்
என் எக்ஸ்ரே இந்த இரண்டு கட்டைவிரல்தான்.
எலும்பின் மேல் வைத்து மெல்ல உருட்டுவேன்;
ஆள் எங்கே பல்லைக் கடிக்கிறாரோ அங்கே முறிவு.
வாடகை அறைக்குப் பின்னால் ரப்பர் ஷீட் புகைப்புரை.
ஸ்டெதஸ்கோப்பும் நோயாளியின் சட்டையும்
ஒரே வாடை அடிக்கும்.
ஃபீஸ் இரண்டு ரூபாய், இல்லையென்றால் மரச்சீனிக் கிழங்கு.
மழை விடாத மாதங்களில் அதுவும் இல்லை.

அப்படியொரு ஐப்பசியில் தாசையன் வந்தார்.
ஆட்டுக்குக் குழை ஒடிக்க அயினி மரத்தில் ஏறி வழுக்கியவர்.
இடது முன்கை, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே
இன்னொரு மூட்டு முளைத்ததுபோல் தொங்கியது.
கோதையாறு பாலத்துக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது;
படம் எடுக்க நாகர்கோவில் போக பஸ் இல்லை.
அடுத்த தெருவிலேயே வர்ம ஆசான் இருந்தார்.
மகளின் நிமோனியா என் ஊசியில் மாறியதால்
என்னிடம் வந்திருந்தார்.

தடவினேன். இழுத்தேன். ஒரு சத்தம் கேட்டது.
"சரியாயிட்டு" என்றேன்.
மூங்கில் சிம்பு, கிழித்த வேட்டி, ஆறு வாரம்.

கட்டை அவிழ்த்த அன்று
வளைந்த கை ஒன்று வெளியே வந்தது.
அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
என்னைப் பார்க்காமல்
கிழங்குப் பையை பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வயதில் ஏன் மேல்படிப்பு என்று கேட்டவர்களிடம்
கணவருக்குச் சென்னைக்கு மாற்றல் என்றேன்.
முப்பத்தொன்பதில், மீசை அரும்பிய பையன்களுக்கு நடுவே,
இருட்டறையின் சிவப்பு விளக்கில், ஹைப்போ நெடியில்,
கிளிப்பில் சொட்டும் படத்தைத் தூக்கிப் பிடித்தேன்.
யாருடையதோ முன்கை.
இரண்டு எலும்பும் நேராக இருந்தன.
வெகுநேரம் பிடித்திருந்ததில்
முழங்கை வரை ஈரம் வழிந்தது.

பிறகு மார்த்தாண்டம், ஏசி அறை, ஈயக் கவசம்.
ஜெல் குளிருது என்று கூசிச் சிரிக்கும் பெண்கள்.
ஆணா பெண்ணா சொல்ல மாட்டோம் என்ற பலகை,
அதன் கீழேயே நின்று கேட்கும் மாமியார்கள்.
மற்றபடி படம்தான் மேஜைக்கு வரும்,
ஆள் வெளியே பெஞ்சில்.

ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது
இடது மணிக்கட்டு, ஆண், எழுபத்தொன்று,
குளியலறையில் விழுந்தது.
புதிதாக ஒன்றும் முறியவில்லை.
படத்தின் மேல் ஓரத்தில்
இருபது டிகிரி சாய்ந்து கூடிய எலும்பு.
பெயரைப் படிக்குமுன் தெரிந்துவிட்டது.
நம் கையெழுத்து நமக்குத் தெரியாதா.

வெளியே போனேன்.
"இந்த டாக்டரம்மா கெட்டுன கையாக்கும்"
பேரனிடம் நீட்டிக் காட்டினார்.
"முப்பது வருசம் பால் வெட்டுனேன்.
கொஞ்சம் சாஞ்சு நிண்ணதுனால
கத்தி வாகா இருந்துது, கேட்டியளா."

நிஜமா, குத்தலா, என் வயதுக்குக் காட்டிய இரக்கமா
என்று முகத்தில் தேடினேன்.
முகம் பார்க்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

உள்ளே வந்து எழுதினேன்:
பழைய முறிவு, கோணலாகக் கூடியது.
கட்டியவர் பெயருக்குப் படிவத்தில் இடம் இல்லை.
பேனாவை மூடினேன்.
திறந்து, ஓரத்தில்,
அருமனை, ஐப்பசி என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால்
அவர் அந்தக் கையால் சட்டைப் பித்தானைப்
போட்டுக்கொண்டிருந்தார்.
உதவ வந்த பேரனை
வேண்டாம் லே என்று தள்ளிவிட்டு.