மூன்றாவது புள்ளடி

இன்றைக்கு நாலு கிலோ கோதுமை மா.
நேற்று ஏழு கிலோ கரைத்தேன்,
முந்தாநாள் பத்து.
ஆட்கள் குறைவதை
நான் பசையில்தான் அளக்கிறேன்.

களுவாஞ்சிகுடியில் பூட்டிக்கிடந்த டயர்க்கடைதான்
எங்கள் காரியாலயம்.
சுவரில் பேரின்பண்ணன் சிரிக்கிறார்,
கழுத்துக்குக் கீழே இலக்கம் ஏழு.
றோட்டுக்கு அந்தப் பக்கம்
இலக்கம் இரண்டு சிரிக்கிறார்.
ஒரே சின்னம், ஒரே கொடி,
மேல்மூலையில் ஒரே தலைவர்.
எங்கள் போஸ்டரைக் கிழிக்கிறவன்
எங்கள் கட்சிப் பாட்டைத்தான்
முணுமுணுத்துக்கொண்டு கிழிக்கிறான்.

வேறு கட்சி என்றால் ஏசலாம்.
இது ஒரே பந்தியில்
பக்கத்து இலைக்காரன் நம் இலையில் கைவைப்பது.
சத்தம் போட்டால் பந்தி குழம்பும்,
போடாவிட்டால் சோறு போகும்.

ஞாயிறு பின்னேரம் கதை வந்தது:
பேரின்பம் விட்டுக்கொடுத்துவிட்டாராம்,
கொழும்பில் வைத்துக் கைலாகு கொடுத்தாராம்.
அவரோ அந்நேரம் டயர்க்கடைப் பின்வளவில்
வீங்கின கால் இரண்டையும்
உப்புத்தண்ணி வாளிக்குள் விட்டுக்கொண்டிருந்தார்.
"நான் இப்ப கொழும்பிலயா இரிக்கன்?" என்று கேட்டார்.
அந்தக் கிழமை முழுக்க
அந்த ஒன்றுக்குத்தான் சிரித்தோம்.

திங்கள் டிலக்சன் வரவில்லை.
செவ்வாய் அவன் மோட்டார்சைக்கிளில்
இரண்டாம் இலக்கத்தின் ஸ்டிக்கர்.
பெற்றோல் அவர்கள் அடிக்கிறார்கள்.
என்னைக் கண்டதும் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி குனிந்தான்.
நான் கை காட்டினேன்.
எண்ணி முடிந்த பிறகும்
இதே ஊர், இதே கடை, இதே பாண்.

இரவில் பொய் சொல்வது என் வேலை.
கடைசி ஓடத்தில் குருமண்வெளித் துறைக்கு வந்து
முழங்கால்மட்டும் சேறோடு ஏறி வருகிற பிள்ளைகளுக்கு
தேத்தண்ணியோடு ஒரு கணக்கும் ஊற்றுவேன்:
"மண்டூர்ல நமக்கு அறுநூறு நிச்சயம்."
அறுநூறு என்றதும் முதுகு நிமிரும்.
வீட்டுக்கணக்குக் கொப்பி ஜதுர்ஷிகாவிடம்.
அவளுக்குத் தெரியும்,
இருநூற்றுப் பதினொன்று.
கொப்பியை மூடி மடியில் வைத்து
தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தாள்.

அன்றிரவு அடித்தது மழை.
விடியப் பார்த்தால்
ஒட்டினதெல்லாம் கழன்று வாய்க்காலில்.
பேரின்பண்ணனும் இலக்கம் இரண்டும்
முகத்தோடு முகம் ஒட்டி
ஒன்றாய் மிதந்து போனார்கள்.

கிருபைராசா வாளியை எத்தினான்.
"விடுங்கக்கா. தோத்தாச்சி."
என் கையில் அன்றைக்கு
ஒரு பொய்யும் மிச்சமில்லை.

ஜதுர்ஷிகா நனைந்த கொப்பியை
அடுப்போரம் விரித்தபடி சொன்னாள்:
"ஒராளுக்கு மூண்டு புள்ளடி இரிக்கு.
ஒண்டு காசு குடுத்தவருக்குப் போகும்.
ஒண்டு சொந்தக்காரருக்கு.
மூண்டாவது சும்மா கிடக்கு,
அதக் கேப்பம்."

மிச்சத்தைக் கேட்டுப் போவது
முதலில் வெட்கமாய்த்தான் இருந்தது.
மேடையில் முழங்க முடியாத வேண்டுகோள்.
பெரியகல்லாற்றில் மீன் வெட்டிக்கொண்டிருந்த பெண்
செதில் ஒட்டின கையால் முடியை ஒதுக்கி,
"மூண்டாவதா?" என்றாள்.
"வாறவன் எல்லாம் முதலாவதத்தான் கேட்டான்."
பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு,
"ஏழுதானே?"

எங்களுக்கு வாசலில் நின்று சண்டை பிடிக்க
ஒன்றும் இருக்கவில்லை.
இரண்டாம் இலக்கத்தின் கொடி கட்டின வீட்டிலும்
தண்ணி தந்தார்கள்.

இன்னும் ஐந்து நாள்.
இன்றிரவு கணக்குக் கேட்டார்கள்.
தொண்டையில் அறுநூறு வந்து நின்றது.
விழுங்கிவிட்டு,
"இருநூற்று நாற்பது" என்றேன்.
ஒருவரும் கை தட்டவில்லை.
கிருபைராசா எழும்பிப் போய்
வாளியைக் கழுவிக்கொண்டு வந்தான்.
நெளிந்த பக்கத்தைக் கல்லால் தட்டி நிமிர்த்தியும் இருந்தான்.

நாளைக்கு
ஐந்து கிலோ கரைக்கட்டாம்.