முட்ட நிரப்பாதது

நாற்பத்தோராம் செல்
இருநூற்றுப் பன்னிரண்டாவது சுற்றில் செத்தது.
ஆர்கான் பெட்டிக்குள் கைவிட்டு
எஃகு மூடியைப் பிரித்தேன்.
நடுவிலிருந்த வெள்ளைச் சவ்வில்
தேன்நிறக் கறை.

குடிவைத்த வீட்டில் தங்காத கந்தகம்
திரவத்தில் கரைந்து
அக்கரை போய்
லித்தியத்தின் மேல் அப்பிக் கிடக்கிறது.
ஊர்வாய்க்கு மூடியில்லை என்பார்கள்.
கரியின் வாய்க்கும்தான்.

கரி வேறெங்கிருந்தும் வரவில்லை.
யஷ்வந்த்பூர் சாலையோரத்
தூங்குமூஞ்சி மரத்து நெற்றுகள்.
செருப்பில் ஒட்டிக்கொண்டு
ஆய்வகம் வரை தாமாகவே வந்தவை.
காரத்தில் ஊறவைத்து
எண்ணூறு டிகிரியில் சுட்டால்
ஒரு சிட்டிகைக்குள்
ஒரு மைதானம் அளவு உள்சுவர்.

நூற்று ஐம்பத்தைந்தில் கந்தகம் தண்ணீர்.
இன்னும் பத்து டிகிரி ஏறினால் பாகு.
அந்த இடைவெளியில் காவலிருந்து
ஒவ்வொரு துளைக்கும் ஊட்டினேன்,
முட்ட முட்ட.
கட்டுரையில் எண் பெரிதாகத் தெரியும்.
பொய்யில்லை, அதற்காகத்தான்.

ஏப்ரல். மத்திகெரேயில் எங்கள் அறை.
பெங்களூர்க் குளிருக்கு மாவு எங்கே பொங்கப்போகிறது என்று
ஜெசிந்தா தூக்கை விளிம்புவரை நிரப்பியிருந்தாள்.
குளிர் போய் மாதமாகிவிட்டதை
இருவரும் கவனிக்கவில்லை.
காலையில்
மேடை, அடுப்பு, அவள் சார்ஜர்,
எங்கும் மாவு.
அவள் திட்டிக்கொண்டே துடைத்தாள்.
நான் துணியோடு நின்றேன்,
துடைக்காமல்.

லித்தியம் வந்து சேர்ந்தால்
கந்தகம் ஒன்று ஒன்றேமுக்காலாகும்.
எனக்குத் தெரியும்.
பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.
மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

ஐம்பத்தெட்டாம் செல்லில்
துளைகளில் பாதியைக் காலியாக விட்டேன்.
வாயைச் சிறுக்கி வயிற்றைப் பெருக்கினேன்.
எண் சிறுத்தது.
"இது குறைவாச்சே?" என்றார் வழிகாட்டி
பார்த்தசாரதி ராவ், கண்ணாடியை ஏற்றி.
ஆமாம் சார்.

நேற்றிரவு மழை, மின்வெட்டு.
யுபிஎஸ் கீச்சிட்டபடி இருந்தது.
நஞ்சேகவுடா டார்ச்சோடு வந்து
உலையைப் பார்த்துவிட்டு
என்னைப் பார்க்காமல் போனார்.
திரையில் முந்நூற்று நாற்பத்தொன்று.
கோடு சாய்கிறதுதான்,
தூக்கக் கலக்கத்தில் தலை சாய்வதுபோல,
விழாமல்.

ஆயிரம் ஆகட்டும், பிறகு பேசலாம்.
ஒரு செல்லை வைத்துக்கொண்டு
யாரும் கொடியேற்ற முடியாது.

இன்று காலை வாசலில்
செருப்பைத் திருப்பிப் பார்த்தேன்.
ஒரு நெற்று, பாதி நசுங்கி.
தட்டிவிடாமல் உள்ளே வந்தேன்.