ஆறு இறாத்தல்

சீனன்குடாவில் எனக்கு நிறுக்கும் வேலை.
ஓடுபாதை ஓரத்துத் தகரக் கொட்டிலில்
ஒரு மேடைத் தராசு, ஒரு கொப்பி,
காதில் செருகிய பென்சில்.
சிப்பாய், பாதிரி, தபால் மூட்டை,
டக்கோட்டாவில் ஏறும் எதுவும்
முதலில் என் பலகையில் ஏறவேண்டும்.

துரைமார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்,
பிடித்தால் பாரம் குறையும் என்பதுபோல.
ஒரு நர்ஸ் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினாள்.
சப்பாத்தும் உங்களோடுதான் பறக்கும் என்றேன்.
சிரித்தாள்.
நூற்றுப் பதினெட்டு, சப்பாத்துடன்.

நாற்பத்து நாலு, மார்கழி.
வாடை தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்த காலை.
இரத்மலானைக்குப் பதினேழு பேர்.
கடைசியாக வந்தான் எஸ்தாக்கி,
மெஸ்ஸில் சமைக்கிற பாலையூற்றுப் பொடியன்.
மாற்றல் கடிதம் சட்டைப்பையில்,
கக்கத்தில் சாக்குச் சுற்றிய சாடி.

'தேசிக்காய் ஊறுகாய் அண்ணே.
அங்கத்தைச் சோறு இது இல்லாட்டி இறங்காது.
இதையுமா நிறுக்கப் போறீங்க?'

கணக்கு ஏற்கெனவே விளிம்பில் நின்றது.
இன்னும் இரண்டு இறாத்தல் கூடினால்
ஒரு தபால் மூட்டையை இறக்கவேண்டும்,
மூட்டையை இறக்கினால் சார்ஜன்ட் கத்துவான்,
மழையும் கறுத்துக்கொண்டு வந்தது.
கண்ணாலே நிறுத்தேன்: ஆறு இறாத்தல்.
எழுதவில்லை.
சாடியைத் தரையில் வைத்துவிட்டு
அவன் மட்டும் ஏறினான், இறங்கினான்,
சாடியைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

ஓடுபாதை முடிகிற இடத்தில் அது எழும்பியது.
எழும்பியது என்றுதான் சொல்லவேண்டும்.
கடலுக்கு மேலே இடது சிறகு தாழ்ந்தது,
கூட்டத்தில் வழி கேட்பவன்
தோளைச் சாய்ப்பதுபோல.
பிறகு மழை.
மழைக்குள் ஒரு சத்தம்,
பெரிய கதவொன்றை யாரோ
மெதுவாகச் சாத்தியதுபோல.

கொட்டியாரக் குடாவின் அடியில்
ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது.
கடற்படைக்காரர்கள் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை
விட்டார்கள், விட்டார்கள்,
கயிறு முடிந்தது.
ஏழு பேர் தாமாக வந்தார்கள்.
நர்ஸ் வந்தாள். ஒரு சப்பாத்து இல்லை.
எஸ்தாக்கி வரவில்லை.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள்.
கொப்பியைப் புரட்டினார்கள், கூட்டினார்கள்,
கூட்டல் சரி என்றார்கள்.
'காலநிலை' என்று எழுதிக் கட்டிவைத்தார்கள்.
ஒருவர் மட்டும்
கையெழுத்து நன்றாயிருக்கிறதே,
எங்கே படித்தாய் என்று கேட்டார்.

தை பிறந்து பத்து நாள்.
கிண்ணியாவில் கரைவலை இழுக்கும் உதுமாலெவ்வை
மடியில் வந்ததென்று ஒரு சாடியைக் கொண்டுவந்தார்.
'பட்டாளத்துச் சாமானெண்டா பிறகு பொலிஸ் வரும்.
நீயே வெச்சுக்க' என்று போய்விட்டார்.
சாக்கைக் காணோம்.
மூடியின் மெழுகு பூசினபடியே.
விமானத்தைத் தகடு தகடாய்க் கிழித்த கடல்
இதில் ஒரு கீறல் போடவில்லை.

கதவைச் சாத்திவிட்டுப் பலகையில் வைத்தேன்.
ஆறில் குண்டை நிறுத்தினேன். சட்டம் விழவில்லை.
ஏழு. எட்டு.
பதினொன்றே கால்.
துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.
பதினொன்றே கால்.

மெக்கானிக் ஒருவனிடம்
பேச்சோடு பேச்சாய்க் கேட்டுப் பார்த்தேன்.
பதினொரு இறாத்தலா,
பைலட் காலையில் தின்றது அதைவிடக் கூட
என்று சிரித்தான்.
நானும் சிரித்தேன்.
அவன் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும்.

சாடியை நான் திறக்கவில்லை.
பாலையூற்றுக்கும் கொண்டுபோகவில்லை,
இரண்டு தரம் பாதி வழி போனேன்.
இப்போது காலையில் தராசு சரியா என்று பார்க்க
இரும்புக் கல்லை எடுப்பதில்லை.
சாடியை ஏற்றுவேன்.
பதினொன்றே கால் காட்டினால்
வெளியே நிற்பவர்களைக் கூப்பிடுவேன்.

நேற்று ஒரு கேப்டன்
கைக்குட்டை, சிகரெட் பெட்டி, பல்செட்டு எல்லாம் வைத்துவிட்டு
என் மீசையையும் தனியாக நிறுக்கவேண்டுமோ என்றான்.
நான் பென்சிலை எடுத்தேன்.
அசையாமல் நில்லுங்கள் என்றேன்.