எய்லெர்ட்டுக்கு, கயிறுகள் பற்றி

பெட்டி வந்துவிட்டதாக எழுதியிருந்தாய்.
மூடியில் உள்ள படத்தை நம்பாதே.
நம் ஹாவ்சூலா அவ்வளவு சிவப்பாக
ஒருநாளும் இருந்ததில்லை.

முதலில் எல்லாவற்றையும் சோப்பு நீரில் கழுவு.
அச்சின் எண்ணெய் ஒட்டியிருக்கும்,
அதன்மேல் பூசினால் பெயின்ட் தோலுரியும்.
துண்டுகளை முறுக்கிப் பிய்க்காதே.
உன்னைத் தெரியும் எனக்கு,
மீன் டப்பாவையே பல்லால் திறந்தவன்.
சற்றுத் தள்ளி வெட்டு, மிச்சத்தை அரத்தால் தேய்.

உடலின் இரு பாதிகளையும்
பசையில்லாமல் சேர்த்துப் பார்.
மூக்கருகே நகக்கண் அளவு விரிசல் விடும்.
எனக்கும் விட்டது.
பசையை உள்ளிருந்து தூரிகை நுனியால் தொடு,
மீதியை அதுவே ஓடிப் பார்த்துக்கொள்ளும்.
ரப்பர் வளையம் போட்டுவிட்டுப் படுக்கப் போ.

இங்கே வார்டோவில் ஜனவரி வரை சூரியன் கிடையாது.
இந்த வேலைக்கு அது நல்லது,
நிழல் எந்தப் பக்கம் விழும் என்பது
விளக்கும் நானும் பேசி முடிவு செய்வது.

பித்தளைக் கைப்பிடிகளை ஓட்டுச்சில்லின் மேல் வைத்து வெட்டு.
தெறித்துப் போனால் மண்டியிட்டுத் தேடாதே.
வேக்யூம் க்ளீனர் வாயில் நைலான் காலுறையைக் கட்டி உறிஞ்சு.
அப்படி எனக்குக் கிடைத்தவை:
ஒரு நங்கூரம்,
போன வருஷம் தொலைத்த தோட்டின் திருகாணி,
மூன்று பட்டாணி.

கறுப்பைக் கறுப்பாகவே பூசாதே,
இத்தனை சின்னதில் அது கூடுதலாய்க் கறுக்கும்.
சாம்பல் இரண்டு சொட்டு விடு.
துரு, தண்ணீர் வழிகிற வழியில்தான் வழியும்.
கண்ட இடத்தில் தொட்டுவைத்து
கப்பலுக்கு அம்மை போட்டதுபோல் ஆக்கிவிடாதே.

பதினோராம் படியில் சமையலறை வரும்.
புகைபோக்கி இருக்காது.
பதினெட்டுப் பேர் தின்ற அடுப்புக்கு
புகைபோக்கி வைக்க மறந்திருக்கிறார்கள்.
ஊசிமருந்துக் குழலை நறுக்கி நான் வைத்தேன்.
நீயும் வை.

இனி கயிறு.
மிஞ்சிய பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்திமேல் காட்டி
இளகியதும் இழு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழு.
நூற்று நாற்பத்து நான்கில் ஒன்று இது.
கட்டைவிரல் பருமன் கம்பிக்கயிறு
இங்கே இரண்டு தலைமுடிதான்.
எல்லோரும் தவறுவது இதில்தான்.

அப்படியானால் உன் கயிறுகள் ஏன்
தீக்குச்சி பருமனில் இருக்கின்றன,
புகைப்படத்தில் பார்த்தேனே என்கிறாய்.

அந்தப் பயணத்தில் நீ இல்லை.
குடல்வாலை வெட்டிக்கொண்டு ட்ரோம்சோவில் கிடந்தாய்.
பியோர்னோயாவுக்கு வடக்கே, மூன்றாம் இரவு,
தூறல் தொட்டதெல்லாம் கட்டியாயிற்று.
கயிறுகள் தொடை பருமன் ஆயின.
கோடரி ஏழுதான் இருந்தது.
நான் இறைச்சிக் கத்தியோடு போனேன்,
அது மழுங்கியபின் மாவு தேய்க்கும் கட்டையோடு.
கப்பல் இடப்பக்கம் சாயும்.
பிறகு, திரும்புவதா என்று யோசிக்கும்.
ஆன்டெனா அறுந்துவிட்டது.
உன் நாற்காலியில் இருந்த பையன்
ஒன்பது மணி நேரம்
யாருக்கும் கேட்காத பெட்டியிடம்
நம் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

எல்லோரும் திரும்பினோம், அது உனக்குத் தெரியும்.
எப்படி என்று நீ கேட்டதில்லை.
கயிறு ஏன் தடிமன் என்று
இப்போதுதான் கேட்கிறாய்.

வெள்ளைப் பசைதான் அது, நீர்விட்டு,
நாளுக்கு ஒரு பூச்சு, பத்தொன்பது பூச்சு.
காற்று வந்த பக்கம் கனமாக.
அவசரப்பட்டால் வெடிக்கும், எனக்கு இருமுறை வெடித்தது.
கிர்கெனெஸ் போட்டியில் நடுவர்
‘கயிறுகள் அளவுக்கு மீறியவை’ என்று எழுதி
நான்காம் இடம் கொடுத்தார்.
சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

நீ மெல்லிய கயிறே கட்டு.
உன் கப்பல் கோடையில் இருக்கட்டும்.
ஆன்டெனாவை மட்டும் எல்லாம் முடிந்தபின் கட்டு,
கை பட்டால் முதலில் போவது அதுதான்.

சிவப்பு பெயின்ட் வாங்காதே.
என்னிடம் பாதி டப்பா மிச்சம், அனுப்புகிறேன்.
                                        ரன்வெய்க்