ஏழாவது கட்டம்

நிதி கேட்கும் படிவத்தில் ஏழாவது கட்டம்:
கட்டடத்தின் பயன் என்ன?
மொர்வென்னா பேனாவை மூடுகிறாள். திறக்கிறாள்.

பக்கத்து எஸ்டேட்காரனைவிட
ஒரு முழம் உயரத்தில் நின்று பார்க்க
கார்ன்வாலின் வெள்ளீயச் சுரங்க முதலாளி ஒருவன் கட்டியது.
வாசல் வைத்தான், அறை வைக்கவில்லை.
மூன்று ஜன்னலில் இரண்டு வெறும் சாயம்.
உச்சியிலிருந்து கடல் தெரியுமாம்;
இருநூறு வருடத்து ஓக் மரங்கள்
கடலை எடுத்துக்கொண்டன.

சனிக்கிழமைகளில் நாங்கள் ஏழு பேர்
சுண்ணாம்புச் சாந்து சுமந்து மேடேறுகிறோம்.
வடக்குச் சுவரில் கை நுழையும் விரிசல்.
ஓக்கின் வேர்தான் காரணம், வெட்டுங்கள் என்றார் பொறியாளர்.
ஹாஸ்கின் ரம்பத்தோடு வந்தான்,
அண்ணாந்து பார்த்தான்:
கோபுரம் அந்த மரத்தின் மேல்தான்
சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.
அன்று தேநீர் மட்டும் குடித்தோம்.

விரிசலின் குறுக்கே
மெல்லிய கண்ணாடித் துண்டொன்று ஒட்டினோம்.
சுவர் அசைந்தால் உடையும்.
மூன்று குளிர்காலம் போயிற்று;
உடையவில்லை. நத்தை ஒன்று அதன்மேல்
கோடு போட்டிருக்கிறது.

‘வௌவால் பதினொன்று’ என்று எழுதினாள், அடித்தாள்.
‘காற்று வந்து போக’ என்றான் ஹாஸ்கின்.
ஒரு காசுக்கும் பிரயோஜனமில்லை என்று
எழுதிவிடலாமா என்றேன். சிரித்தோம்.

திங்கட்கிழமை கடைசித் தேதி.
கட்டத்துக்குள் இப்போதைக்கு
அவள் கட்டைவிரலின்
சுண்ணாம்பு.