லக்கேஜ் டிக்கெட்

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சாரியில்
மூன்று மாடியாக நின்றது
நியூ சூர்யா டிஸ்கவுண்ட் மாளிகை.
லிஃப்ட் உண்டு. ஓடி யாரும் பார்த்ததில்லை.
அதற்குள் போர்வைக் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள்.

ராயக்கோட்டை டவுன் பஸ்ஸில் கண்டக்டர் நான்.
பதினேழு வருஷம் அந்தக் கடையைப் படித்தது
ஏறுகிறவர்கள் கையில் தொங்கும் மஞ்சள் கவரை வைத்து.
கவர் முழங்காலில் இடித்தால் ஆடித் தள்ளுபடி.
இரண்டு கையும் நிறைந்து
ரூபாய் நோட்டைப் பல்லில் கடித்தபடி ஏறினால் தீபாவளி.
மடியில் வைத்த கவரைப் பிள்ளைகள்
நிமிஷத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்த்தால்
ஸ்கூல் திறக்க இரண்டு நாள் இருக்கிறது.

உள்ளே போனதும் உண்டு.
மே மாதம், ஒரு சிங்கிளுக்கும் அடுத்ததற்கும் நடுவில்,
ஏசிக்காக.
வாங்க வந்தவன்போல் பிளாஸ்டிக் குடங்களைத்
தட்டித் தட்டிப் பார்ப்பேன்.
செக்யூரிட்டிக்குத் தெரியும்.
தெரியாததுபோல் கூரையைப் பார்ப்பார்.

மகளுக்குச் சிவப்பு கவுன் எடுத்தது அங்கேதான்.
'ரெண்டு சைஸ் பெருசா எடுங்க,
அடுத்த வருஷத்துக்கும் ஆகும்' என்றாள் பரிமளா.
கவுன் அளவுக்கு மகள் வளர்ந்து வந்தபோது
சிவப்பு போய்விட்டிருந்தது.

எல்லாம் தொண்ணூற்றொன்பது.
நூறு கொடுத்தால் மீதி ஒரு ரூபாய்க்கு
கல்லாவில் நாகவேணி புளிப்பு மிட்டாய் வைப்பாள்.
'சில்லறை குடும்மா, மிட்டாய் என்ன மிட்டாய்'
என்று ஒருநாள் சத்தம் போட்டேன்.
பர்ஸிலிருந்து பழைய டிக்கெட் ஒன்றை எடுத்துத் திருப்பினாள்.
'எங்கம்மாவுக்கு நீங்க மூணு ரூபா தரணும், அண்ணா.'
என் கையெழுத்துதான்.
மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வியாபாரம் எப்போது விழுந்தது என்று
முதலாளிக்கே சொல்லத் தெரியாது.
எனக்குத் தெரியும்.
பெண்களுக்கு டிக்கெட் இலவசமான பிறகு
கூட்டம் கூடியது, கவர் கூடவில்லை.
கவர் இருந்த கையில் போன்.
கட்டைவிரல் மட்டும்
மாடி மாடியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.
அட்டைப் பெட்டிகள் பைக்கில் எங்களை முந்திப் போயின,
டிக்கெட் எடுக்காமல்.

கடைசி வாரம் கடையையே விற்றார்கள்.
ஹேங்கர் கிலோ கணக்கில்.
ட்ரையல் ரூம் கண்ணாடியை
சலூன்காரர் ஒருவர் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார்,
வானத்தோடு.
போர்வைகளை இறக்கிய பிறகும்
லிஃப்ட் ஓடவில்லை.

அன்று சாயங்காலம் திம்மராயன் ஏறினார்
இரண்டு பொம்மைகளோடு.
ஒன்று ஆண், ஒன்று பெண். இரண்டின்மேலும் துணியில்லை.
முன் சீட்டு அம்மா ஒருத்தி எழுந்து
தன் துண்டைப் பெண்ணுக்கு மட்டும் போர்த்தினாள்.
'எதுக்குங்க இது?'
'தக்காளித் தோட்டத்துக்கு. மயில் வந்து மொத்தமும் கொத்துது.'
'லக்கேஜ் போடணும்.'
'ஆம்பளைக்குப் போடு. பொம்பளைக்கு ஃப்ரீதானே?'
பஸ்ஸே சிரித்தது.
ஒன்றுக்குத்தான் போட்டேன்.
செக்கர் ஏறியிருந்தால் மெமோ வாங்கியிருப்பேன்.

நாகவேணி இப்போது ஓசூர்ப் பக்கம்
போன் பூட்டுகிற கம்பெனியில் இருக்கிறாளாம்.
தனி வேன் வந்து கூட்டிப் போகிறது.
மூன்று ரூபாயை எந்த ஸ்டாப்பில் கொடுப்பது?

கடை இருந்த இடத்தில்
ஷட்டருக்கு முன்னால் பொரி விற்கிறார்கள்.

தோட்டம் ரோட்டோரம்தான், வளைவு தாண்டி.
திம்மராயன் வீட்டம்மா பெண் பொம்மைக்கு
நைட்டி மாட்டியிருக்கிறாள்.
விலைச்சீட்டு கழுத்தில் இன்னும் ஆடுகிறது.
'பாதி விலை' பலகையைக் காட்ட
மடக்கித் தூக்கியிருந்த கை
அதே மாதிரி தூக்கியபடி.
முதல் வாரம் முழுக்க டிரைவர் மாதேசன்
ஆள் என்று நினைத்து பிரேக் போட்டார்.
அப்புறம் பழகிவிட்டது.

நேற்று இருட்டுகிற நேரம்
மறுபடியும் நிறுத்தினார்.
யாரும் ஏறவில்லை.
படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
விசில் ஊத
கொஞ்சம் நேரமானது.